வீட்டார் ஊருக்குச் செல்லுங் காலத்திற் கோழிகளைப் பேணுதல்

மருதானை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய கொழும்பு நகர்ப்பகுதிகளில் வீட்டின் பின்வளவிலே நான்கைந்து பேடுகளை வைத்து முட்டை பெறுவோர் உளர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது வீட்டுத்தோட்டஞ் செய்வதற்கென அரசாங்க ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கப்பட்டதும், 2023இல் முட்டைத் தட்டுப்பாட்டினால் இந்தியாவிலிருந்து முட்டை தருவிக்கப்பட்டதும் பலர்க்கு நினைவிலிருக்கும். அக்காலத்திற் கூடு கட்டியவர்கள் தீன் வைக்கவும் கூட்டைத் துப்புரவாக்கவும் நன்கு பழகிக்கொண்டனர். ஆயினும் அவர்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. "வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போகவேண்டும், கோழிகளை என்ன செய்வது?" என்பதே அது.

கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல சித்திரைப் புத்தாண்டுக்கும், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவுக்கும், மார்கழி விடுமுறைக்கும் வடக்கே செல்வது நெடுங்கால வழக்கம். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் போரினால் தடைப்பட்டு, 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. எவ்வழியாற் சென்றாலும் பயணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். கூட்டிலே ஏதோ குறையென்று தொலைபேசியிற் கேள்வியுற்றால் உடனே திரும்பிவரக்கூடிய தூரம் அன்று.

பன்னிரண்டு நாளுக்கு வேண்டிய தீனை முன்னதாகவே அளந்து வைத்துவிடலாம். நீரை அவ்வாறு வைக்க முடியாது. மாலையில் மூடவேண்டிய கதவையும் காலையிலேயே மூடிவைக்க முடியாது. இவ்விரண்டுக்கும் நாடோறும் இருமுறை ஓர் ஆள் வரவேண்டும். ஆகவே இப்பிரசுரத்திற் கூறப்படுவது பெரும்பாலுங் கோழியைப் பற்றியதன்று, அயலவரைப் பற்றியது.

நீர்

முட்டையிடும் பேடொன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீன் தின்னும். அதன் நிறையில் இருமடங்குக்குக் குறையாத நீரை, அஃதாவது ஏறக்குறையக் கால் லீற்றர் நீரைக் குடிக்கும். பங்குனி, சித்திரை மாத வெயிலில் இவ்வளவு மேலுங் கூடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெப்பம் மிகும்போது அது அலகைத் திறந்து மேல்மூச்சு வாங்கி, அம்மூச்சின் வழியே நீரை ஆவியாக வெளியேற்றித் தன் உடலைக் குளிரச் செய்கின்றது. முட்டையின் உள்ளீட்டிலும் முக்காற்பங்கு நீரே. ஆதலால் நீர் தீர்ந்த கூட்டில் முதலில் நின்றுபோவது முட்டை. ஒருநாள் முழுதும் நீரின்றியிருந்த பேடு பழையபடி முட்டையிடப் பல நாட்கள் செல்லும். ஒன்றரை நாள் கடந்தால் இறகுதிர்க்கத் தொடங்கி, வாரக்கணக்காக முட்டையிடாதிருத்தலும் உண்டு. தகரக்கூரை வேய்ந்த கூட்டில், நண்பகல் வெயிலில், உயிரே போய்விடும். வெள்ளவத்தையில் மாடிவீட்டின் மேற்றளத்திற் கூடு வைத்திருப்போர் இதனைச் சிறப்பாகக் கருத்திற் கொள்ளல் வேண்டும். கொங்கிறீற்றுத் தளம் வெயில் சாய்ந்த பின்னரும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.

பெரிய வாளிகளை நிரப்பி வைத்துவிட்டுப் புறப்படுவோர் சிலர். பஞ்சிகாவத்தைப் பக்கத்தில் ஒரு குடும்பத்தார் ஆறு பேடுகளுக்கு ஒரு தாச்சி நிறையத் தீனும், இரண்டு வாளி நீரும் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு எட்டு நாட்பயணஞ் சென்றனர். கோழிகள் விளிம்பில் ஏறியதால் ஒரு வாளி கவிழ்ந்தது. கவிழ்ந்த நீர் தீனை நனைத்தது. மற்ற வாளியில் எச்சமும் உமியும் விழுந்து நீர் கெட்டது. ஐந்தாம் நாள் நாற்றம் பொறுக்காமல் அயல்வீட்டார் பூட்டை உடைத்துப் பார்த்தபோது நான்கு பேடுகள் இறந்து கிடந்தன. அவ்வயலவர் கூட்டிலிருந்து பத்தடி தூரத்தில் வாழ்பவர். "ஒரு சொல் கேட்டிருந்தால் நானே பார்த்திருப்பேன்" என்று அவர் கூறியதே எமக்கு மிகுந்த வருத்தந் தந்தது.

வாளியை நிரப்பி வைத்தல் ஆகாது என்பதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு ஏழு முதற் பத்து நாட்களுக்குள் முட்டை நிலையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். வீட்டார் இல்லாத காலமும் ஏறக்குறைய அதே அளவினது. 2017இல் இலங்கையில் 1,80,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயுற்றனர் என்பதை மறத்தலாகாது. நுளம்பு பெருக இடங்கொடுத்தல் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றமுமாகும். நாடோறுங் கழுவி நிரப்பப்படும் பாத்திரத்தில் நுளம்புக்கு இடமில்லை.

ஓரிரவு மட்டுமே வெளியிற் தங்குவதாயின், நாலாபுறமும் உறுதியான கம்பிவலை அடைப்பு இருக்குமாயின், கவிழாத இரு பாத்திரங்களில் நீரை நிழலில் வெவ்வேறு இடங்களில் வைத்துச் செல்லலாம். அலகால் தொட்டவுடன் துளி விடும் நிப்பிள் பொருத்திய குழாய் இருப்பின் இன்னும் நன்று. ஆயின் நிப்பிள் அடைபட்டால் வெளியே தெரியாது. ஆகவே ஒருவர் வந்து பார்க்கவேண்டிய தேவை அதனாலும் நீங்குவதில்லை. ஓரிரவுக்கு மேற்பட்டால் ஆள் வேண்டும்.

ஆளைத் தெரிதல்

பலரும் செய்வது யாதெனின், புறப்படும் நாட்காலையில், பெட்டியுங் கையுமாக மதிலருகே நின்று, "அக்கா, கோழியளையும் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று கூறுதல். அக்காவும் "ஓம், ஓம்" என்பார். எத்தனை முறை பார்ப்பது, எதைப் பார்ப்பது, கதவின் திறப்பு எங்கே என்பன எவையும் பேசப்படுவதில்லை. அவரோ போகும்போதும் வரும்போதும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார், கோழிகள் நடமாடும், எல்லாம் நலமென்று எண்ணிக்கொள்வார். அவர்மீது குறையில்லை. பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், பார்த்தார்.

கூட்டைத் தம் வீட்டிலிருந்தே காணக்கூடியவரும், விடியலில் எழுபவரும், மாலை 6 மணிக்கு வீட்டில் இருப்பவருமே இப்பணிக்குத் தகுந்தவர். கோழியைப் பற்றிய அறிவு இரண்டாந்தரமானது. அதைக் கற்பிக்க மூன்று நாள் போதும். மாலையில் வீட்டிலிருக்கும் வழக்கத்தை ஒருவர்க்குக் கற்பிக்க இயலாது. பாடசாலைச் சிறுவர் மிக ஆவலோடு முன்வருவர். அவர்கள் காலைப்பணிக்கு நல்லவர். மாலையிலோ ரியூசன் வகுப்பும் கிரிக்கெட்டும் உண்டு. முதியவர் ஒருவரை முதல்வராகவும், சிறுவரைத் துணையாகவும் கொள்ளுதலே எமக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. இருவர் இருப்பின், ஒருவர்க்குக் காய்ச்சல் வந்தாலுங் கதவு திறக்கப்படும்.

அயலவரும் அதே பண்டிகைக்கு ஊருக்குச் செல்பவராயின் பயனில்லை. மருதானை ஒழுங்கைகளில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்வது இவ்விடத்திற் பெரும் வசதி. நல்லூர்த் திருவிழாவுக்கு நீங்கள் செல்கையில் அடுத்த வீட்டு நானா இங்கிருப்பார்; நோன்புப் பெருநாளுக்கு அவர் குடும்பத்தோடு ஊர் செல்கையில் நீங்கள் இருப்பீர்கள். சித்திரையிற் சிங்கள அயலவரும் ஊருக்குச் செல்வர் என்பதால், அப்பண்டிகைக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்தல் வேண்டும். அவர் வீட்டுப் பூனைக்கோ பூஞ்செடிக்கோ நீங்கள் முன்னொருமுறை உதவியிருந்தால் கேட்பதும் எளிது.

புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னரே பணியை அவரிடம் ஒப்படைத்து, நீங்கள் கைகட்டி நின்று பாருங்கள். சொல்லிக்கொடுப்பதினும் இது மேலானது. கொளுக்கி அவர் கைக்கு எட்டுகிறதா, அவரைக் கண்டு கோழிகள் மிரளுகின்றனவா, நீர்க்குழாய்த் திருகு இறுகியிருக்கிறதா என்பவை யாவும் அம்மூன்று நாளில் வெளிப்படும். புதியவர் வந்தால் முதல்நாள் கோழிகள் மூலையில் ஒதுங்கும். மூன்றாம் நாள் அவர் காலடியோசைக்கே ஓடிவரும்.

செய்யவேண்டியதை அவர் வாசிக்கும் மொழியில், பெரிய எழுத்தில், ஒரே தாளில் எழுதிக் கூட்டின் கதவில் நனையாதபடி தொங்கவிடுக. சிங்களம் மட்டும் வாசிப்பவராயின் சிங்களத்திலேயே எழுதுவித்தல் வேண்டும். தமிழிற் பின்வருமாறு அமையலாம்:

"காலை 6 மணி: கதவைத் திறக்கவும். இரண்டு பாத்திரங்களையும் கழுவிப் புதுநீர் விடவும். காலைப்பொதி ஒன்றைத் தொட்டியிற் கொட்டவும். மாலை 5 மணி: மாலைப்பொதி ஒன்று. நீரைப் பார்க்கவும். முட்டைகளை எடுத்துக்கொள்ளவும். இருளுமுன்: கோழிகளை எண்ணவும், ஐந்து. கதவை மூடிக் கொளுக்கியும் பூட்டும் போடவும். ஏதேனும் ஒரு கோழி தீனுக்கு வராது ஒதுங்கி நின்றால் எங்களை அழைக்கவும்."

எண்ணுதல் என்பதைச் சிறுபான்மையாகக் கருதற்க. ஐந்து என்னும் எண்ணை எழுதிவைத்தால் அவர் எண்ணுவார், எழுதாவிட்டால் எண்ணமாட்டார். கைத்தொலைபேசி உள்ளவராயின், கதவு மூடியபின் ஒரு படம் எடுத்து அனுப்பும்படி கேட்கலாம். அதை நம்பிக்கையின்மையாக அவர் கருதாதபடி, பிள்ளைகள் கோழியைக் காண விரும்புகின்றனர் என்று கூறிவிடுதல் நன்று. அஃது உண்மையும் ஆகும்.

முட்டைகள் எவர்க்கு என்பதை வெளிப்படையாகப் பேசிவிடல் வேண்டும். நன்கு முட்டையிடும் ஐந்து பேடுகள் நாளொன்றுக்கு மூன்று நான்கு முட்டை தரும்; பன்னிரண்டு நாளில் நாற்பதளவில் ஆகும். அவை யாவும் பார்ப்பவர்க்கே உரியன என்று முதலிலேயே கூறிவிடுக. நல்லூர்த் திருவிழா முடியும் வரை முட்டை புழங்காத வீடுகளில் இஃது ஓர் இழப்பும் அன்று. பேசாமல் விட்டால், எடுக்கலாமோ கூடாதோ என்று அவர் தயங்க, முட்டைகள் கூட்டிற் கிடக்கும். கிடக்கும் முட்டையைக் கொத்திக் குடிக்கக் கோழி பழகும். எலியும் பாம்பும் தேடிவரும். பேடும் அவற்றின்மேல் அடையிருக்கத் தொடங்கும்.

இனி யாம் இப்பிரசுரத்தில் மிக வற்புறுத்த விரும்புவது. "ஒரு கோழி செத்தாலும் உங்கள்மீது ஒரு சொல் வராது" என்பதைப் புறப்படுமுன் அவர் முகம் பார்த்துக் கூறுக. ஏனெனில், பழிக்கு அஞ்சும் அயலவர் நோயுற்ற கோழியைப் பற்றி உடனே அறிவியார். நாளைக்குத் தேறிவிடும் என்று ஒருநாள் பார்ப்பார். இன்னொரு நாளும் பார்ப்பார். தொற்றுநோயாயின் அவ்விரு நாளிற் கூடு முழுவதுங் கெடும். பத்தாண்டு பழகிய அயலவர் இருவர் இறந்த பேடொன்றின் பொருட்டுப் பேச்சை நிறுத்திய வீடுகளையும் யாம் அறிவோம். பேட்டுக்கு விலையுண்டு, வேறொன்று வாங்கலாம்.

இறந்த கோழியைச் சமைத்தலும், கால்வாயிலோ குப்பையிலோ எறிதலும் ஆகா என்பதைத் தாளிற் சேர்த்தெழுதுக. மண் உள்ள வளவாயின் இரண்டடி ஆழத்திற் சுண்ணாம்பிட்டுப் புதைக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்டவை திடீரென இறப்பின், புதைக்குமுன் மிருக வைத்தியர்க்கு அறிவித்தல் வேண்டும். அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும் தாளின் அடியில் எழுதிவைக்க.

தீன்

ஐந்து பேடுகளுக்கு நாளொன்றுக்கு 600 கிராம் வீதம், பன்னிரண்டு நாளுக்கு 7.2 கிலோகிராம் வேண்டும். இதனைச் சாக்கோடு கொடுத்துவிட்டு, பேணியால் அளந்து போடும்படி கூறுதல் போதாது. அன்புள்ளவர் அளவுக்கு மிஞ்சிப் போடுவார். மிஞ்சியது இரவில் எலிக்கும் அகழானுக்கும் உணவாகும். 300 கிராம் கொண்ட 24 பொதிகளாகக் கட்டி, மூடியிறுகிய தகரத்தில் இட்டுக் கொடுக்க. நீங்கள் ஒருநாள் தாமதித்து வருவதாயினும் குறை வராதபடி நான்கு பொதிகளைக் கூடுதலாக வைத்தல் நலம். சிப்பித்தூளை வேறொரு சிரட்டையில் வைத்தாற் கோழி வேண்டியபோது கொத்திக்கொள்ளும்.

கொழும்பின் ஈரக்காற்றில் திறந்துவைத்த தீன் விரைவிற் பூஞ்சணம் பிடிக்கும். தேங்காய்ப் புண்ணாக்குக் கலந்த தீன் இன்னும் விரைவாக. இப்பூஞ்சணங்களிற் சில கொடிய நஞ்சை உண்டாக்குவன. 1960இல் இங்கிலாந்தில் 1,00,000க்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணந் தெரியாமல் இறந்தன. அவற்றுக்கு இட்ட நிலக்கடலைப் புண்ணாக்கிற் படர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே அதற்குக் காரணமென ஆராய்ச்சியாளர் பின்னர் கண்டறிந்தனர். அந்நஞ்சே இன்று அஃப்ளாற்றொக்சின் எனப்படுவது. கட்டியாக உறைந்த தீனையும், பூஞ்சண மணம் வீசும் தீனையும் போடாமல் எறிந்துவிடும்படி அயலவர்க்குக் கூறுக. சோற்றுமிச்சத்தைக் கொடுக்க அவர் விரும்பினால் தடுக்கவேண்டியதில்லை; அன்றன்றைக்கு உண்டு முடிக்கும் அளவாக இருத்தல் போதும்.

கதவு

இந்நகரில் கோழிக்குப் பகை இல்லையென்று எண்ணுவோர் ஏமாறுவர். பகலிற் கீரியும் தெருநாயும், இரவில் மரநாயும் வரும். கால்வாய்க் கரைகளை அண்டிய வீடுகளுக்குக் கபரகொய்யாவும் வரும். 2018இல் ஈரநில நகரமென உலகளவில் ஏற்கப்பட்ட கொழும்பின் சதுப்புநிலங்களில் மீன்பிடிப் பூனைகளும் வாழ்கின்றன. அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும். மரநாயை வெளியே வைத்திராது. அரையங்குலச் சதுரக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையே தக்கது. மாலை மங்கியதும் கோழிகள் தாமாகவே உள்ளே சென்று தடியில் ஏறிவிடும். அவற்றைத் துரத்திப் பிடிக்கவேண்டியதில்லை. எஞ்சிய பணி கதவை மூடுதல் ஒன்றே. சூரியன் ஆண்டு முழுவதும் மாலை 6 மணியை ஒட்டியே மறைவதால் இந்நாட்டில் அந்நேரம் பெரிதாக மாறுவதுமில்லை.

புறப்படுமுன்

இராணிக்கெட் நோய்த் தடுப்புமருந்தின் காலம் அணுகியிருப்பின், பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னரே கொடுத்துவிடுக. மருந்து பலனளிக்க நாட்கள் செல்லும். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் யாவாவிலும் அறியப்பட்டு, மறு ஆண்டு இந்தியாவின் இராணிக்கெட்டிற் கண்டதனால் நம்மிடையே அவ்வூர்ப் பெயர் பெற்ற இந்நோய், செருப்பிலும் கூடையிலும் ஒட்டிக்கொண்டே வீடு மாறும். பார்க்க வருபவர் தாமும் கோழி வளர்ப்பவராயின், கூட்டு வாசலில் வேறொரு சோடிச் செருப்பு வைத்துவிடுங்கள்.

அடைவைக்கும் எண்ணமிருந்தால் நாளைக் கணக்கிடுக. 21 நாளிற் குஞ்சு பொரிக்கும். நீங்கள் இல்லாத வாரத்திற் குஞ்சுகள் வெளிவருதல் கூடாது. காகம் நிறைந்த இந்நகரிற் குஞ்சுகளைக் காப்பது அயலவர்மீது ஏற்றத்தக்க சுமையன்று. சேவல் இருப்பின், திரும்பும்வரை அதனை ஊர்ப்புறத்து உறவினரிடம் ஒப்படைத்தல் நன்று. சேவலின்றியும் பேடுகள் முட்டையிடும். விடியற்காலை நாலு மணிக்குக் கூவும் சேவலை உரியவர் இல்லாதபோது ஒழுங்கையார் பொறுப்பதில்லை. முறைப்பாடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சென்றடையும்.

தரையின் உமியையோ மரத்தூளையோ புதிதாக்கிச் செல்லுங்கள். ஈரமான தரையில் இரத்தக் கழிச்சல் நோயின் கிருமிமுட்டைகள் ஒன்றிரண்டு நாளிலேயே தொற்றும் நிலைக்கு முதிர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாத மாலைமழைக் காலத்திற் கூரையின் ஒழுக்கை முன்னரே அடைத்தல் வேண்டும். களனி கங்கை பெருகினால் வெள்ளங் காணும் தாழ்நிலங்களில், 2016 மே மாதத்தில் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கங்களிற் கண்டதுபோல், கூடு முழுவதும் நீரில் மூழ்குதல் கூடும். அத்தகைய இடங்களில் வாழ்வோர், நீர் ஏறினாற் கோழிகளை எங்கே தூக்கிவைப்பது என்பதையும் அயலவரோடு பேசிவைத்தல் வேண்டும். இரண்டு கடகமும் ஒரு பழைய வலையும் போதும்.

ஒரு மாதத்துக்கு மேல் வெளியே தங்குவோர் கோழிகளை விற்றுவிட்டு, மீண்டபின் வேறு வாங்குதலே சிக்கனம். உறவினர் கூட்டிற் சேர்த்துவிடுதலை யாம் விரும்புவதில்லை. புதுக்கோழிகளைப் பழைய கோழிகள் கொத்தி ஒதுக்கும். நோயும் இரு திசையிலும் பரவும்.

மீண்டபின்

ஊரிலே கோழி திரிந்த முற்றத்தில் நடந்த செருப்போடு நேரே உங்கள் கூட்டுக்குள் நுழையற்க. முதலிற் குளித்து உடைமாற்றி, செருப்பைச் சவர்க்கார நீரிற் கழுவி வெயிலில் வைத்த பின்னரே செல்க. அம்மம்மா அன்போடு உமலில் இட்டு அனுப்பிய ஊர்க்கோழியை, மூன்று வாரம் வேறிடத்தில், வேறு நீர்ப்பாத்திரத்தோடு வைத்திருந்து, நோயின்றி இருப்பதைக் கண்ட பின்னரே மற்றவற்றோடு சேர்க்கலாம். அயலவர்க்குக் கருப்பட்டியோ பனங்கிழங்கோ கொண்டுவந்திருப்பின் அன்றைக்கே கொடுத்து, எந்தக் கோழி எப்படி இருந்தது என்று அவர் வாயாற் கேட்டறிக. தகரத்தில் எஞ்சிய பொதிகளை எண்ணிப் பார்த்து, நலமாக இருப்பவற்றை முதலிற் செலவழித்த பின்னர் புதுச்சாக்கைத் திறக்கவும்.